மாவுக்கு இப்ப தண்ணி வேண்டாம்

பொங்கலுக்குப் படைத்த சிறுகிழங்கின் தோலும், அவித்துத் தின்ற பனங்கிழங்கின் நாரும் வாசல் ஓரம் காய்வதற்குள் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. "மா பூத்திருக்கா, பாத்தியாட்டி?" என்று ஆரம்பித்துவிடுவார். முட்டுவலி வந்த பிறகு அவரால் வரப்பில் நடக்க முடிவதில்லை. மோட்டார் ரூமுக்கு முன்னால் வேப்பமரத்து நிழலில் நார்க்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத் திட்டுவார். 2021-இல் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து எங்கள் தோட்டம் இப்படித்தான் நடக்கிறது.

தென்காசி மாவட்டத்தில் கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவில், மலையடிவாரத்தில் மூன்றரை ஏக்கர். செவல் மண். மா 22, எலுமிச்சை 60, தென்னை 40, நாலைந்து கொய்யா. வீட்டுக்குப் போக மிச்சத்தைப் பாவூர்சத்திரம் சந்தைக்கு அனுப்புகிற மாதிரி 15 சென்ட் காய்கறிப் பாத்தி. இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மார்கழிப் பனியிலேயே மா பூ எடுக்கத் தொடங்கிவிடும், பங்குனியில் வேம்பு தளிர்த்துப் பூத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையின் ஈரம் தை வரைக்கும் மண்ணில் கிடக்கும். மாசி வெயில் அதை உறிஞ்சுவதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தாக வேண்டும். அதற்கு மேல் போனால் ஆளும் கிடைக்காது. ஆற்றுப்பாசனப் பக்கம் பிசான நெல் அறுப்பு தொடங்கிவிட்டால், நமக்குக் களை வெட்ட யார் வருவார்கள்?

முதல் வருஷம் நான் ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்தேன். அதுதான் தப்பு.

மாமரத்தில்தான் ஆரம்பித்தேன். அந்த வருஷம் கிணறு நிறையத் தண்ணீர். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும், மரம் வாடிவிடக் கூடாதே என்று வாரம் ஒரு தண்ணீர் விட்டேன். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், கேட்க ஆள் இல்லை. தை பிறந்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமரமெல்லாம் பூவாக நின்றது. எங்கள் மரங்களில் செம்பு நிறத்தில் தளதளவென்று தளிர். பார்க்க அவ்வளவு அழகு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏட்டி, மாவுக்கு யாரு தண்ணி விட்டா? அது தாகத்துல கெடந்தாத்தான் பூக்கும். நீ சோறு போட்டுத் தூங்க வச்சிருக்க" என்றார். 22 மரத்தில் நாலு மரம்தான் அந்த வருஷம் ஒழுங்காகக் காய்த்தது.

பூப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் மாவுக்கு ஓய்வு வேண்டும். மண்ணில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் கொப்பின் நுனியில் பூ மொட்டுக்குப் பதிலாக இலை மொட்டு வந்துவிடும். இப்போது மழை நின்றதும் மாவுக்குப் போகிற மடையை மண் போட்டு அடைத்துவிடுவேன். அப்புறம் பூ உதிர்ந்து, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தால்தான் திறப்பது. முதலில் லேசாக ஒரு தண்ணீர், பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. வறண்டு கிடந்த மரத்துக்கு எடுத்த எடுப்பில் மூழ்க விட்டால் பிஞ்சு உதிரும்.

கவாத்தும் அப்படித்தான். யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு கை வாளோடு தை மாதத்தில் மாமரத்தில் ஏறிவிட்டேன். மாவை வெட்டுவதற்கு உரிய காலம் காய் பறித்து முடித்த பிறகு, ஆடி ஆவணியில். அப்போது வெட்டினால்தான் புதுக்கொப்பு வந்து முற்றி, அடுத்த தைக்குப் பூக்கும். தையில் வெட்டினால் வெட்டுவது பூவைத்தான். இப்போது தையில் மாமரத்தில் மூன்றே மூன்று வேலைதான் செய்கிறேன்: பட்டுப்போன குச்சியை ஒடிப்பது, புல்லுருவி இருந்தால் அது பிடித்திருக்கிற கொப்போடு சேர்த்து எடுப்பது, ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே முளைக்கிற போத்துகளைக் கிள்ளி எறிவது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் சில வருஷத்தில் ஒட்டு ரகம் செத்து, கீழே இருக்கிற நாட்டு மரம் மட்டும் நிற்கும். எங்கள் தோட்டத்தில் "பங்கனப்பள்ளி" என்று பெயர் வைத்துக்கொண்டு புளிப்பு மாங்காய் காய்க்கிற மரம் ஒன்று இருக்கிறது. அதன் கதை அதுதான்.

பூ வந்த பிறகு தத்துப்பூச்சி. இலை பிசுபிசுவென்று ஒட்டினாலோ, இலைமேல் கரி பூசியதுபோல் படிந்திருந்தாலோ பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். பூங்கொத்தின் அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டிப் பார்ப்பேன். பொடிப்பொடியாகத் தத்திக்கொண்டு விழும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பை முதலில் எண்ணெயோடு நன்றாகக் கலக்க வேண்டும், தண்ணீர் அப்புறம்தான். மாற்றிச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து, டேங்கில் கடைசியாக வருகிற கால் பங்கு முழுக்க எண்ணெயாகவே வரும். பூ விரிவதற்கு முன்னால் ஒரு தடவை அடித்துவிட்டால் நல்லது. விரிந்த பிறகு காலையில் அடிக்கவே கூடாது. அந்த நேரத்தில் ஈயும் தேனீயும் வந்து வேலை செய்துகொண்டிருக்கும். நமக்குக் காய் பிடித்துத் தருகிற கூலியாட்களே அவைதான்.

இரண்டாவது வருஷம் இதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பூவில் சாம்பல் நோயும் தெரிந்தது. அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். எதற்கு இரண்டு தடவை அடிப்பானேன் என்று வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் ஒரே டேங்கில் ஊற்றினேன். மூன்றாம் நாள் பூங்கொத்தும் இளம் இலையும் தீய்ந்து தொங்கின. எண்ணெயும் கந்தகமும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒன்றை அடித்தால் குறைந்தது மூன்று வாரம் கழித்துத்தான் மற்றதைத் தொட வேண்டும். மருந்துக்கடையில் இரண்டையும் ஒன்றாகத்தான் கட்டிக் கொடுத்தார்கள். டப்பாவில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று நானும் படிக்கவில்லை.

எலுமிச்சைக்கு வேறு கணக்கு. மா தாகத்தில் கிடக்கிற அதே வாரத்தில் எலுமிச்சைக்கு ஈரம் வேண்டும். ஆனால் அந்த ஈரம் அடிமரத்தைத் தொடக் கூடாது. தண்ணீர் தேங்கினால் அடிமரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடியும். அப்புறம் ஒரு பக்கமாக மஞ்சளடித்து, ஒரே வருஷத்தில் மரம் போய்விடும். தையில் 60 மரத்துக்கும் இரட்டை வட்டம் பிடிப்போம். அடிமரத்துக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு சிறு வரப்பு, கிளை விரிந்திருக்கிற அளவுக்கு வெளியே இன்னொரு வரப்பு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மட்டும் சுற்றும். தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிற சின்ன வேர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மம்பட்டியை ஆழமாகப் போடக் கூடாது. எலுமிச்சைக்கு வேர் மேலாகத்தான் ஓடும், நாலு விரல் ஆழம் கொத்தினால் போதும். ஆள் விட்டுச் செய்தால் கூடவே நிற்க வேண்டும். வேகமாக வெட்டினால்தான் நல்ல வேலைக்காரன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அடிமரம் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரையோரமெல்லாம் வெள்ளக்காடு. எங்களுக்கு ஆறு வரவில்லை, பக்கத்து ஓடை வந்தது. தோட்டத்தின் கீழ்க்கோடியில் முக்கால் அடிக்கு வண்டல் படிந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "சும்மா கெடைச்ச உரம், விடுங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தென்னை அசையவில்லை. ஆனால் கழுத்து வரை மண் மூடிய எலுமிச்சை ஒவ்வொன்றாகச் சோர்ந்தது. ஆனிக்குள் ஒன்பது மரம் போயிற்று. பத்தாவது மரத்தை அப்பா பார்த்துவிட்டு, "அடிய மூடுனா அது மூச்சு விட வேண்டாமா?" என்றார். அன்றைக்கே உட்கார்ந்து மற்ற மரங்களின் அடியில் இருந்த வண்டலைக் கையால் ஒதுக்கினேன். அவை பிழைத்தன. அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் நான் செய்கிற முதல் வேலை, மரம் மரமாகக் குனிந்து வேர் பிரிகிற கழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதுதான். வெள்ளமே வேண்டியதில்லை, மழைத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து போடுகிற மண்ணே போதும்.

எலுமிச்சையில் வெட்டு உண்டு. காய்ந்த குச்சி, தரையைத் தொடுகிற கொப்பு, மரத்தின் நடுவில் செங்குத்தாகக் கிளம்புகிற கொழுத்த போத்து, எல்லாம் போக வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை அடி தெளிவாக இருந்தால் சொறிநோயும் பூசணமும் குறையும். சொறி பிடித்த குச்சிகளை மட்டும் தனியாக எடுத்து எரித்துவிட வேண்டும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூசுவோம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. எங்களுக்கு அதில் கால் பங்கு போதும். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும். முதல் தடவை இரும்பு வாளியில் கலந்தேன். வாளி அரித்துப் போனது, மருந்தும் கெட்டது. பதம் பார்க்க அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். தீட்டிய அரிவாளின் நுனியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுப்பார். செம்பு பூசியதுபோல் சிவந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். சிவக்காவிட்டால் பூசலாம். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இந்தத் தைப் பூவில் வருகிற எலுமிச்சங்காய் ஆனி ஆடியில்தான் பறிப்புக்கு வரும். புளியங்குடிச் சந்தையில் விலை துள்ளுவது பங்குனி சித்திரையில். அந்த விலை வேண்டுமானால் புரட்டாசியில் பூக்க வைக்க வேண்டும். அதற்கு ஆவணியில் தண்ணீரை நிறுத்த வேண்டும், நடுவில் மழை வந்து கெடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் முயன்று பார்த்தேன். ஒரு வருஷம் பலித்தது.

கொய்யாவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாசியில் நுனிக்கொப்புகளை நாலைந்து அங்குலம் நறுக்கிவிட்டால் பக்கத்தில் துளிர்த்துப் பூக்கும். மாவுப்பூச்சி தெரிந்தால் பைப்பில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன்.

தென்னைக்கு வருவோம். ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுஉரம் 50 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. உரத்தை இரண்டாகப் பிரித்து, ஆனி ஆடியில் ஒரு பங்கும் மார்கழி தையில் ஒரு பங்கும் வைக்கலாம். மரத்தைச் சுற்றி ஆறடிக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரத்தைப் பரப்பி, மண்ணைக் கொத்தி மூடி, மேலே தேங்காய் மட்டையைத் தோல் பக்கம் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்து அடுக்கிவிட்டால் மாசி வெயில் தாங்கும்.

ஆனால் தென்னை வைத்தியம் தென்னந்தோப்பில் இல்லை, குப்பைக்குழியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டிய மாதிரி விசிறியாக வந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. ஆள் ஏற்றிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுத்தோம். வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்குகளில் வைத்தோம். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் காய்கறிப் பாத்திக்கு எரு அள்ளப் போனபோது, குழியில் கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளை வெள்ளையாகப் புழு சுருண்டு கிடந்தது. இரண்டு வாளி எடுத்தேன். வண்டை நாங்களே சாணி போட்டு வளர்த்திருக்கிறோம்! இப்போது தையில் குப்பைக்குழியை அடி வரை புரட்டுவது கட்டாயம். புரட்டும்போது பக்கத்து வீட்டுச் சித்தி தன் கோழிகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தப்பிப் பிழைக்கிற புழுவுக்கு மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூசணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றுகிறேன். எருவும் நன்றாக மட்கிவிடுகிறது.

கிடையும் ஒரு வருஷம் போட்டோம். தை மாசியில் ஆட்டுக்கிடைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். ராத்திரி முழுக்க ஆட்டை நிலத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அப்படியே மண்ணில் இறங்கும், அதற்கு ஈடான உரம் கிடையாது. ஆனால் நான் ஆசைப்பட்டுத் தோப்புக்குள்ளும் இரண்டு ராத்திரி மறித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கொய்யா தாழ்ந்த கொப்பில் ஓர் இலை இல்லை, இளம் எலுமிச்சங்கன்றுகள் மொட்டையாக நின்றன. கிடைக்காரத் தாத்தா, "ஆடு ஆட்டு வேலையத்தான செய்யும், தாயி" என்றார். இப்போது சிறுகிழங்கு தோண்டி எடுத்த வெற்றுப் பாத்தியில் மட்டும்தான் கிடை.

சருகு விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் சண்டைதான். முதல் வருஷம் தோப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாச் சருகையும் கூட்டிக் குவித்துக் கொளுத்தினேன். வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. மாசிக் கடைசியில் செவல் மண் பாளம் பாளமாக வெடித்தது. அடுத்த வருஷம் எதிர்ப்பக்கம் போய், சருகையெல்லாம் மரத்தடியில் முட்டாகக் குவித்தேன். கறையான் அடிமரம் வழியாக ஏறியது. இப்போது நாலு விரல் கனத்துக்குப் பரப்புவேன், அடிமரத்தை ஒட்டி ஓரடி வெறும் மண்ணாக விட்டுவிடுவேன். வேலி ஓரத்தில் மட்டும் பத்தடி அகலத்துக்குச் சருகும் காய்ந்த புல்லும் இல்லாமல் செதுக்கிவிட வேண்டும். மலை ஓரம் என்பதால் பங்குனியில் யாராவது போடுகிற ஒரு பீடித்துண்டு போதும். அப்பாவுக்குச் சருகென்றாலே பாம்பு நினைவு. அவர் சொல்வதும் நியாயம்தான். கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

காய்கறிப் பாத்தியில் நான் கற்றது ஒன்றே ஒன்று. மழைக்காலத்துக்கு மேட்டுப்பாத்தி, வெயில் காலத்துக்குப் பள்ளப்பாத்தி. ஐப்பசியில் தண்ணீர் வடிவதற்காக உயர்த்திய பாத்தியிலேயே தையில் வெண்டையும் சீனியவரையும் போட்டால், விடுகிற தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து ஓடும். பழைய மேட்டை உடைத்து, எரு கலந்து, வரப்பை உயர்த்தி நடுவைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஆறின கஞ்சித்தண்ணீரில் அசோஸ்பைரில்லம் என்கிற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து புரட்டி, நிழலில் உலர்த்தி ஊன்றினால் முளைப்பு நன்றாக இருக்கிறது. தடியங்காய்க்கும் பூசணிக்கும் தனிக்குழி. முளை வந்ததும் மயில் வந்துவிடும். அதை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எலுமிச்சையில் வெட்டிய முள்கொப்பில் நோயில்லாததாகப் பார்த்துப் பாத்தியின்மேல் பரப்பினேன். இரண்டு வாரம் மயில் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. பன்றிக்கு இந்த வித்தை எடுபடவில்லை.

சொட்டுநீர்க் குழாயைத் தண்ணீர் தேவைப்படுகிற அன்றைக்குத் திறந்து பார்க்காதீர்கள். தையிலேயே கடைசி மூடியைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போட்டால், வருகிற சேற்றைப் பார்த்து நம்ப மாட்டீர்கள். அணில் கடித்த ஓட்டையும் அப்போதுதான் தெரியும். அது குழாயைக் கடிப்பது தண்ணீருக்காகத்தான். வரிசைக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு ஓட்டை பாதியாகக் குறைந்தது.

இதெல்லாம் பங்குனி உத்திரத்துக்குள் முடிய வேண்டும். உத்திரத்தன்றைக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள், தோட்டத்துக்கு ஒரு குருவிகூட வராது. இந்த வருஷம் நாங்களும் போய்ப் பொங்கலிட்டுவிட்டு, மறுநாள் காலையில் வந்து மாமரத்தடியில் நின்றோம். அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போயிருந்தேன். ஒரு கொத்தைத் தாழ்த்தி அவர் கையில் கொடுத்தேன். பிஞ்சை விரலால் உருட்டிப் பார்த்தார், பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிசு.

"சரி, மடையத் தொறந்து விடு" என்றார். அப்புறம், "கொஞ்சமாட்டு."

மம்பட்டியால் மடை மண்ணைத் தள்ளினேன். கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாய்க்காலில் தண்ணீர் போயிற்று.